இடிபாட்டுத் தொட்டி வாடகைத் தொழிலுக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டை இடித்துக் கட்டுகிறவரின் வாசலில் இரும்புத் தொட்டி ஒன்றை இறக்கிவைத்து, அது நிரம்பியதும் வண்டியில் தூக்கிச் சென்று கொட்டிவிட்டு வருவதுதான் இந்தத் தொழில். வேலூர்ப் பக்கத்தில் ரப்பீஸ் எனப்படும் இடிபாட்டை அள்ளுவதென்றால் டிராக்டரையும் டாடா ஏஸையும் அழைப்பதே வழக்கம் என்பதால், தொட்டியை வாடகைக்கு விடுகிறவர் நேரம் தவறாமை ஒன்றைக் காட்டித்தான் வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பத்துத் தொட்டி வரைக்கும் ஒரு நோட்டும் ஒரு கைப்பேசியும் போதும். இருபதைத் தாண்டிய பிறகு எந்தத் தொட்டி எந்தத் தெருவில் எத்தனை நாளாக நிற்கிறது என்பதை ஒருவரே நினைவில் வைத்திருக்க முடியாது. மென்பொருளைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

நான் முதலில் வாங்கியது கடைகளுக்கென்று செய்யப்பட்ட பில் போடும் மென்பொருள். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குத் தொட்டி இறக்கினோம். வீட்டுக்காரர் பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டார். பில் முடிந்ததாகக் கணினி காட்டியது. அத்துடன் அந்தத் தொட்டி எங்கள் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. நிரம்பினால் மேஸ்திரி அழைப்பார் என்று நாங்கள் இருந்தோம், நாள் முடிந்தால் வண்டி வரும் என்று அவர் இருந்தார். மழைநீர் தேங்கிக் கொசுப் புழு பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தபோது இருபத்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அந்த மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அதற்கு விற்பனை மட்டுமே தெரியும். கொடுத்த பொருள் திரும்பி வர வேண்டும் என்பது தெரியாது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வாங்கும் மென்பொருளின் நடுவில் பில் இருக்கக் கூடாது, தொட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எண், அந்த எண்ணைத் தட்டினால் அது இப்போது நிற்கும் இடம், இறக்கிய நாள், எடுக்க வேண்டிய நாள், வாடிக்கையாளர், பாக்கி ஆகியவை ஒரே திரையில் தெரிய வேண்டும். இது இல்லையென்றால் மற்ற வசதிகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

விற்பவர் செய்துகாட்ட வரும்போது, புதுத் தொட்டி இறக்குவதைக் காட்டச் சொல்லாதீர்கள். அதை எல்லா மென்பொருளும் அழகாகச் செய்யும். மாற்றுவதைக் காட்டச் சொல்லுங்கள். நிரம்பிய தொட்டி எண் 7 வெளியே வருகிறது, காலித் தொட்டி எண் 12 அதே இடத்தில் உட்காருகிறது, வண்டிக்கு ஒரே டிரிப், வாடிக்கையாளருக்கு ஒரே பில். ஆனால் ஏழாம் தொட்டியின் நாள் கணக்கு முடிந்து பன்னிரண்டாம் தொட்டியின் கணக்கு அன்றைக்குத் தொடங்க வேண்டும். இதைப் பழைய ஆர்டரை ரத்து செய்து புது ஆர்டர் போட்டுத்தான் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், மாதக் கடைசியில் உங்கள் கணக்குப்பிள்ளை தலையில் கைவைத்து உட்காருவார். அடுத்து வீண் டிரிப்பைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி போகிறது, தொட்டிக்கு முன்னால் ஒரு லோடு எம்.சாண்ட் கொட்டிக் கிடக்கிறது, ஓட்டுநர் வெறுங்கையோடு திரும்புகிறார். அந்த டிரிப்புக்கும் டீசல் போயிருக்கிறது, ஓட்டுநருக்குப் படியும் உண்டு. ஆம்பூர் வரை போயிருந்தால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் கணக்கிலிருந்து பணமும் கழிந்திருக்கும். இவற்றை அந்த வாடிக்கையாளரின் பெயரில் எழுத இடமில்லாத மென்பொருள் நட்டத்தை உங்களிடமிருந்து மறைத்துவைக்கும்.

நாள் கணக்கில் நம் ஊருக்கென்று ஒரு தேவை இருக்கிறது. புதுமனை புகுவிழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டால், முந்தைய நாள் மாலைக்குள் வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். தொட்டி பாதி காலியாக இருந்தாலும் அதை எடுத்தே ஆக வேண்டும். வாடகை முடியும் நாளும் எடுத்தே தீர வேண்டிய நாளும் வேறு வேறு என்பதை ஏற்றுக்கொள்கிற மென்பொருளாகப் பாருங்கள். சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலையிலும் லாங்கு பஜாரிலும் பகல் நேரத்தில் தொட்டி இறக்க முயல்வது வீண் வேலை என்பதால், ஒரு முகவரிக்கு எந்த நேரத்துக்குள் வண்டி போகலாம் என்று குறித்துவைக்கும் வசதியும், தெருவில் வைப்பதற்கு வாங்கிய அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்று நினைவூட்டும் வசதியும் அவசியம்.

இந்தத் தொழிலுக்கென்றே செய்யப்பட்ட மென்பொருள்களில் பல பிரிட்டனை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தொட்டியை கன கெஜத்தில் அளக்கிறார்கள். கட்டட வேலைக்கு வழக்கமாகக் கேட்பது எட்டு கெஜத் தொட்டி. நம் மேஸ்திரிகளோ யூனிட்டில் பேசுகிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீட்டர். 4.5 கன மீட்டர் தொட்டி சுமார் 159 கன அடி, ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேலே வரும். அளவின் பெயரை நீங்களே மாற்றிக்கொள்ள மென்பொருள் விட வேண்டும், இல்லாவிட்டால் தொலைபேசியில் ஆர்டர் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டுத் தவறு செய்வார். கொள்ளளவைவிட எடை இன்னும் முக்கியம். ஈர மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அந்த 4.5 கன மீட்டர் தொட்டியை விளிம்பு வரை மண்ணால் நிரப்பினால் ஏழு டன்னைத் தொடும். பழைய மரச்சட்டமும் ஓடும் போட்டால் அதில் பாதிகூட வராது. ஆர்டர் எடுக்கும்போதே என்ன பொருள் என்று கேட்டு, மண் என்றால் சிறிய தொட்டியைப் பரிந்துரைத்து, எடைமேடைச் சீட்டின் எண்ணையும் எடையையும் டிரிப்போடு சேர்த்துவைக்கிற மென்பொருள் வண்டியின் அச்சைக் காப்பாற்றும்.

எங்கே கொட்டினோம் என்ற பதிவைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. பிரிட்டனில் ஒவ்வொரு லோடுக்கும் கழிவு ஒப்படைப்புச் சீட்டு எழுதி இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சீட்டை அச்சிடும் பகுதி நமக்கு அப்படியே பயன்படாது. ஆனால் நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் கட்டுமான இடிப்புக் கழிவு விதிகள் ஒரு நாளில் 20 டன்னுக்கோ, ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கோ மேல் கழிவு உண்டாக்குவோர் அதைத் தரம் பிரிக்க வேண்டும் என்று கேட்டன; அவற்றின் இடத்தில் 2025ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட புதிய விதிகளுக்கு 2026 ஏப்ரல் 1 நடைமுறைத் தேதி. பெரிய கட்டடக்காரர்கள் உங்களிடம் எடைக் கணக்கைக் கேட்கும்போது, வாடிக்கையாளர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் ஓர் அறிக்கை உடனே எடுக்க முடிய வேண்டும்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், இருக்கின்றன. அவற்றின் கசடு இடிபாட்டுத் தொட்டியில் ஏறக் கூடாத அபாயக் கழிவு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அறிவித்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில். பாலாற்றங்கரையில் தொழில் செய்கிற நாம் அதை மறக்கக் கூடாது. தொட்டியைத் தூக்குவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுக்காமல் டிரிப்பை முடிக்க விடாத மென்பொருள் கிடைத்தால், சற்று விலை கூடுதல் என்றாலும் அதை நான் வாங்குவேன்.

அந்தப் படத்தை எடுக்கப்போவது ஓட்டுநர். ஆகவே ஓட்டுநரின் கைப்பேசித் திரை தமிழில் இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மூன்று நான்கு தட்டல்களில் வேலை முடிய வேண்டும். ஒடுகத்தூர், அமிர்தி போன்ற மலையடிவாரப் பக்கங்களில் சிக்னல் போனாலும் பதிவு கைப்பேசியிலேயே தங்கியிருந்து, பிறகு தானாகப் போய்ச் சேர வேண்டும். விற்பவரின் கண்முன்னே இணையத்தை அணைத்துவிட்டு ஒரு டிரிப்பை முடித்துப் பாருங்கள். கதவு எண்ணை வைத்து நம் ஊரில் இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இருப்பிடக் குறியை அப்படியே ஆர்டரில் ஒட்ட முடிய வேண்டும். ஓட்டுநர் கையில் வாங்கும் ரொக்கம், யுபிஐயில் வரும் பணம், முன்பணம் ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்.

கணக்கு விஷயத்தை உங்கள் ஆடிட்டரையும் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. டேலி கணக்கு மென்பொருளுக்குத் தகவல் போகிறதா, காட்பாடியைத் தாண்டி ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் வந்தால் வெளிமாநிலத்துக்கான ஐஜிஎஸ்டி பில் போட முடிகிறதா, ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டிய பதிவுகள் பாதுகாப்பாக இருக்குமா என்று கேளுங்கள். சந்தாவை நிறுத்தினால் எல்லாத் தகவலையும் எக்செல் கோப்பாக எடுத்துப்போக முடியும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆடி மாதத்தில் புது வேலை குறைந்துவிடுகிற தொழில் இது என்பதால், ஓடும் வண்டிக்கு மட்டும் கட்டணம் கேட்பவரா, வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்பவரா என்பதையும் பார்க்க வேண்டும்.

முடிவெடுப்பதற்கு முன் உங்கள் பழைய நோட்டிலிருந்து தை அல்லது ஆவணி மாதத்தின் நெருக்கடியான ஒரு வாரத்தை எடுத்து, அடித்தல் திருத்தல் உட்பட ஒவ்வொரு வரியையும் சோதனைக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றுபவர் விற்பனையாளராக இருக்கக் கூடாது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகும் உங்கள் ஊழியராக இருக்க வேண்டும். எந்த வரியில் அவர் தடுமாறி நிற்கிறாரோ அந்த வரியைப் பற்றித்தான் விற்பவரிடம் பேரம் பேச வேண்டும். வாங்கிய பிறகும் ஒரு மாதம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். அந்த மாதம் தொடங்குவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு எல்லா இடங்களுக்கும் போய், ஒவ்வொரு தொட்டியின் இரண்டு பக்கமும் எண்ணை மஞ்சள் பெயின்ட்டில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.