ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் ஸ்க்ரோல் அனிமேஷன்

படிக்கப் படிக்கப் பக்கத்தின் உச்சியில் நீளும் கோடு, கீழே இறங்கும்போது மெல்லத் தெளிந்து எழும் படம்: இவற்றுக்கு சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) மட்டுமே போதும். குரோம் 115இல் (2023) வந்த வசதி இது. சஃபாரி 26இலும் உண்டு. வழக்கமான அனிமேஷன் கடிகாரத்தைப் பார்த்து ஓடும். 'அனிமேஷன்-டைம்லைன்' கொடுத்தால் ஸ்க்ரோல் நகர்ந்த தூரத்தைப் பார்த்து ஓடும், அவ்வளவுதான்.

முதலில் கோடு. 'பொசிஷன்: ஃபிக்ஸ்ட்', மேலும் இடதும் 0, அகலம் 100%, உயரம் 4 பிக்சல், 'டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜின்' இடப்பக்கம். கீஃப்ரேமில் (அனிமேஷனின் தொடக்க, முடிவு நிலைகளைச் சொல்லும் பகுதி) 'ஸ்கேல்எக்ஸ்', அதாவது கிடைமட்ட நீட்சி, 0இலிருந்து 1 வரை. டைம்லைன் 'ஸ்க்ரோல்(ரூட்)', அதாவது முழுப் பக்கத்தின் ஸ்க்ரோல். அகலத்தையே அனிமேட் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிரவுசர் லேஅவுட்டை (பக்கத்தில் எது எங்கே என்பதை) திரும்பக் கணக்கிட வேண்டிவரும். டைமிங் கட்டாயம் 'லீனியர்' (சீரான வேகம்). இயல்பான 'ஈஸ்' இருந்தால் பாதிப் பக்கத்தில் கோடு பாதியைத் தாண்டி நிற்கும்.

படத்துக்கு டைம்லைன் 'வியூ()': படம் திரைக்குள் நுழைந்து வெளியேறும் நகர்வைப் பார்த்து ஓடும். கீஃப்ரேமின் தொடக்கத்தில் 'ஒபாசிட்டி' (0 என்றால் தெரியாது, 1 என்றால் முழுதாகத் தெரியும்) 0, 'டிரான்ஸ்லேட்ஒய்' (கீழே தள்ளும் தூரம்) 40 பிக்சல். முடிவில் 1, 0. ஃபில்-மோடு 'போத்': அனிமேஷனுக்கு முன்னும் பின்னும் அந்தந்த நிலையே நிற்கும். அடுத்து 'அனிமேஷன்-ரேஞ்ச்: என்ட்ரி 0% கவர் 30%': படம் திரைக்குள் நுழையும்போது தொடங்கி, திரையைக் கடக்கும் பயணத்தில் 30% ஆனதும் முடியும். இதை விட்டுவிட்டால் படம் திரையை விட்டு முழுதும் வெளியேறும்வரை அனிமேஷன் நீளும். நடுத்திரையில் வந்து நிற்கும்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும்.

எல்லாம் சரியாக எழுதியும் அசையவில்லையா? பெரும்பாலும் வரிசைதான் காரணம். 'அனிமேஷன்' என்ற சுருக்க வரி, டைம்லைனையும் ரேஞ்சையும் இயல்புநிலைக்குத் திருப்பிவிடும். எனவே அவை இரண்டும் அதற்குக் கீழேதான் வர வேண்டும். அதுவும் சரியென்றால் படத்தைச் சுற்றியுள்ள டிவ்களில் (பக்கத்தைப் பகுதிகளாக்கும் பெட்டிகள்) 'ஓவர்ஃப்ளோ: ஹிடன்' தேடுங்கள். அது அந்த டிவ்வையே ஸ்க்ரோல் பெட்டியாக்கிவிடும். 'வியூ()' அருகிலுள்ள பெட்டியைத்தான் பிடிக்கும். அந்தப் பெட்டியோ நகர்வதே இல்லை. 'ஹிடன்' இடத்தில் 'கிளிப்' போட்டால் தீரும். கண்டுபிடிக்க அதிக நேரம் தின்னும் பிழை இதுதான்.

'ஒபாசிட்டி: 0'ஐக் கீஃப்ரேமுக்கு வெளியே எழுதவே எழுதாதீர்கள். வசதி இல்லாத பிரவுசரில் அந்தப் படம் யாருக்கும் தெரியாமலே போய்விடக்கூடும். மொத்தத்தையும் '@சப்போர்ட்ஸ் (அனிமேஷன்-டைம்லைன்: வியூ())' என்பதற்குள் வையுங்கள், வசதி உள்ள பிரவுசரில் மட்டும் ஓடும். அதற்குள்ளேயே 'பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்: நோ-பிரிஃபரன்ஸ்' மீடியா வினவலும் இருக்கட்டும், அசைவைக் குறைக்கும்படி தன் கருவியில் அமைக்காதவர்களுக்கு மட்டும் ஓடும். திரையில் அசைவு கூடினால் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். அவர்களுக்குப் படம் அசையாமல் நிற்பதே நல்லது.