டோரன்ட் மட்டும் ஊர்ந்து போகிறதா? மதகை இறக்கியது யார் என்று பார்த்துவிடலாம்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எடுத்தவுடன் கல்லணையைத் திட்ட மாட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் தன் வாமடையில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் கிளை வாய்க்கால், மதகெல்லாம் அதற்கும் பிறகுதான். இணையத்தில் மட்டும் நாம் தலைகீழ். டோரன்ட் (ஒரே இடத்திலிருந்து இல்லாமல், அதே கோப்பை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) ஊர்ந்தால் போதும், "நெட்காரன் அமுக்கிட்டான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அமுக்குவது, அதாவது நிறுவனமே வேண்டுமென்று வேகத்தைக் குறைப்பது, உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வரும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பை வைத்துக்கொண்டு நான் பார்த்த வரிசை இது. தேவையானவை: க்யூபிட்டோரன்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு லேன் கேபிள், ஒரு நோட்டு.

1. சோதனைக்கு நல்ல கோப்பு

நேற்று வந்த படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அதைப் பகிர எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் நிச்சயமில்லை. உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (அந்த இயங்குதளத்தைக் கணினியில் நிறுவ உதவும் பெரிய கோப்பு) அவர்களுடைய தளத்திலிருந்தே டோரன்ட்டாக எடுங்கள். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தருகிறவர்களை சீடர் என்பார்கள் (குருவின் சீடர் இல்லை, விதைக்கிறவர்). இந்தக் கோப்புகளுக்கு அவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. சீடர் இரண்டே பேர் உள்ள கோப்பு மெதுவாக வந்தால் அது யார் குற்றமும் இல்லை.

2. கணக்கைச் சரிபாருங்கள்

நிறுவனம் விற்பது மெகாபிட், மென்பொருள் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அதிகபட்சம் நொடிக்கு 12.5 எம்பி. பத்து எம்பி வந்தும் "நூறு வரவில்லையே" என்று கேபிள்காரரோடு சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத டேட்டா அளவு தீர்ந்து வேகம் இறங்கியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. உங்கள் வாமடை

வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் மாட்டுங்கள். அப்புறம் க்யூபிட்டோரன்ட்டில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஸ்பீடு என்று போய் அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், உங்கள் அப்லோடு வேகத்தில் முக்கால் பங்கு போதும். அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வந்து சேர்ந்த ஒவ்வொரு துண்டுக்கும் "வந்துவிட்டது" என்று உங்கள் கணினி பதில் அனுப்பியாக வேண்டும், மேலே போகும் பாதை நிரம்பி வழிந்தால் அந்தப் பதில் வரிசையில் நிற்கும், எதிர்ப்பக்கம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். கனெக்‌ஷன் பகுதியில் மொத்த இணைப்புகளை 200 ஆகவும் குறையுங்கள். மலிவு ரவுட்டர் ஐநூறு பேரோடு ஒரே நேரத்தில் பேசத் திணறும். எனக்கு இந்த ஒரு படியிலேயே பாதி வியாதி தீர்ந்தது.

4. வெளியிலிருந்து கதவு திறக்கிறதா

பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி என்று ஓர் எண் இருக்கும், நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரி அது. அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே வெளி முகவரியை உங்களோடு பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. சிஜிநாட் என்பார்கள். நீங்கள் பிறரைத் தேடிப் போகலாம், பிறர் உங்களைத் தேடி வர முடியாது, அதனால் இணைப்புகள் குறையும். இது திட்டமிட்ட அமுக்கல் இல்லை. ஐபிவி6 (புதிய வகை முகவரி முறை) கிடைத்தால் இயக்குங்கள், ஓரளவு சரியாகும்.

5. நோட்டை எடுங்கள்

இதுதான் முக்கியமான படி, தயவுசெய்து தாண்டாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த ஐஎஸ்ஓவைப் பிரவுசரில் நேரடியாக ஐந்து நிமிடம் இறக்குங்கள், வேகத்தை எழுதுங்கள், நிறுத்திவிட்டு உடனே டோரன்ட்டில் ஐந்து நிமிடம், அதையும் எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் திரும்பவும் இரண்டும். மூன்று நாள்.

இரவில் இரண்டும் சேர்ந்து சரிந்தால் ஊரே படம் பார்க்கிறது, அவ்வளவுதான், கோடையில் எல்லா பம்புசெட்டும் ஒன்றாக ஓடும்போது மோட்டார் இழுக்காதே, அதே கதை. பிரவுசர் நன்றாக வந்து டோரன்ட் மட்டும் படுத்தால்தான் சந்தேகம் வலுக்கிறது. என் நோட்டில் இருந்தது: காலை பிரவுசர் 11 எம்பி, டோரன்ட் 9. இரவு பிரவுசர் 10, டோரன்ட் 400 கேபி. மூன்று இரவும் கிட்டத்தட்ட அதே 400. நெரிசல் என்றால் ஏறி இறங்கும், இப்படிக் கோடு போட்டது மாதிரி நிற்காது.

6. குறியாக்கம்

ஆப்ஷன்ஸில் பிட்டோரன்ட் பகுதி, என்கிரிப்ஷன் மோடு, அதை ரிக்வயர் என்று மாற்றுங்கள். கடந்து போகும் தரவின் முகத்தைப் பார்த்து "இது டோரன்ட்" என்று தரம் பிரிக்கும் கருவி இருந்தால் அது கொஞ்சம் தடுமாறும். வேகம் துள்ளினால் நல்ல தடயம். துள்ளாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் முகம் தெரியாமலேயே நடையை வைத்து அடையாளம் காணும் கருவிகளும் உண்டு. உங்கள் ஐபி முகவரியை இது மறைக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

அமுக்குவதிலும் பல விதம். 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனம் செய்தது வேகக் குறைப்புகூட இல்லை. இருவர் போனில் பேசும்போது நடுவில் ஒருவன் இருவர் குரலிலும் "வைக்கிறேன்" என்று சொல்லித் துண்டித்தால் எப்படி, அப்படிப் போலியான ரீசெட் தகவல்களை அனுப்பி இணைப்பை முறித்தார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் மின்பிரதியைப் பகிர்ந்து பார்த்து அதை உறுதி செய்தது. 2008இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி கண்டித்தது, 2010இல் நீதிமன்றம் அந்த உத்தரவையே ரத்து செய்தது.

7. விபிஎன்

இரவு ஒன்பதுக்கு, டோரன்ட்டை அனுமதிக்கும் விபிஎன் (உங்கள் தரவை மறைத்து வேறொரு கணினி வழியே அனுப்பும் சேவை) ஒன்றில் அதே கோப்பை இறக்குங்கள். விபிஎன் வழியே சுற்றிப் போயும் வேகம் கூடினால் மதகு எங்கே என்று தெரிந்துவிட்டது. இலவச விபிஎன் வேண்டாம், பெரும்பாலும் அதுவே ஆமை.

8. புகார்

"நெட் ஸ்லோ" என்று புகார் செய்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "அடுத்தடுத்து அளந்ததில் பிரவுசர் 10 எம்பி, டோரன்ட் 400 கேபி, மூன்று நாள் அளவு இருக்கிறது" என்று எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் பரிந்துரைத்து, தொலைத்தொடர்புத் துறை 2018இல் ஏற்ற இணையச் சமநிலை விதிகள், ஒரு வகை உள்ளடக்கத்தைப் பாரபட்சமாக மெதுவாக்கக் கூடாது என்கின்றன, அதைக் குறிப்பிடுங்கள். "நியாயமான போக்குவரத்து மேலாண்மை" என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது, அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

என் நோட்டை லைன் பார்க்க வந்த தம்பி வாங்கிப் பார்த்து, போனில் படம் எடுத்துக்கொண்டு, "மேல சொல்லிப் பாக்குறேன்ணே" என்று போனார். பத்து நாள் கழித்து இரவு ஒன்பதுக்கு டோரன்ட் 5 எம்பி வந்தது. கேட்டால், நாங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறார்கள்.