சம்பளத்தில் கழித்த காசு கணக்கில் ஏறாதபோது

கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கென்று (ஓய்வுகாலச் சேமிப்பு, EPF) மாதாமாதம் 8 வீதம் கழிபட்டது. அந்த நிதியை வைத்திருக்கும் மத்திய வங்கியின் கணக்குக் கூற்றிலோ சில மாதங்களுக்கு ஒன்றுமே இல்லை. முதலாளியிடம் கேட்டால் "பார்ப்பம் தம்பி" என்பார், அவ்வளவுதான்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி நம் 8 வீதத்தோடு முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். முதலாளி மட்டுமே கட்டும் இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதம் தனி. அதற்கு நம் சம்பளத்தில் கை வைக்கவே கூடாது. அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். சண்டை பிடிக்காமல் இதையெல்லாம் ஒரு தாளில் மாதவாரியாக எழுதி அவர் மேசையில் வைத்தேன். முகம் மாறியது. பாக்கியில் பாதி வந்தது.

மிச்சத்துக்குத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். சம்பளச் சீட்டுகளும் அடையாள அட்டைப் பிரதியும் கைகொடுத்தன. நியமனக் கடிதம் என்னிடம் இல்லை (வன்னிக் கடைகளில் யார்தான் தருகிறார்கள்!). உத்தியோகத்தர் கடைக்கே வந்து சம்பளப் பதிவேட்டைப் புரட்டினார். அப்புறம் மீதியும் கட்டப்பட்டது, கூட வேலை செய்யும் அக்காமாருக்கும் சேர்த்து.