பாவித்த நகல் இடியன் ரைபிளை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்ப்பக்கமாக மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடித்துச் சுடும் இடியன் துவக்கைக் கண்டு பழகிய நம்மவர்களில் சிலர், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய பின்னர், 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்ட் படைத்துறை ரைபிளின் நகலொன்றைப் பாவித்த நிலையில் வாங்க விரும்பி, அதன் படங்களை யாழ்ப்பாணத்திலுள்ள உறவினருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்து விலை சொல்வதே முதல் தவறு. மரமும் பித்தளையும் படத்தில் மினுங்கும். விலையைத் தீர்மானிக்கின்ற குழலின் உட்புறம் அதில் தெரியாது.

கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுப்பதால், சுட்ட அன்றே கழுவாத குழலில் விரைவில் கறள் பிடித்துவிடும். வாய்ப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைவோர், மருந்து தங்கும் அடிப்பக்கத்தில் கறள் தின்ற குழிகளைக் காண்பதில்லை. முதலில், துவக்கு வெறுமையாக உள்ளதா என்று உறுதிசெய்ய வேண்டும்: இடிகோலை அடிவரை விட்டு, வாயருகே அடையாளமிட்டு, அதே நீளத்தைக் குழலின் வெளியே வைத்துப் பார்த்தால் கோலின் நுனி நிப்பிள் (வெடித்தொப்பி பொருத்தும் சிறு முளை) இருக்குமிடத்தை எட்ட வேண்டும், முன்னரே நின்றால் உள்ளே மருந்து இருப்பதாகவே கொண்டு, அதற்குமேல் தொடக்கூடாது. வெறுமை உறுதியான பின் சிறு மின்விளக்கை உள்ளிறக்கி, குண்டைச் சுழலச் செய்யும் சுருள் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாக உள்ளதா என்று அடிவரை பார்க்க வேண்டும். எண்ணெய் தோய்ந்த வெள்ளைத் துணி செம்பழுப்பாக வெளிவந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமே.

தேய்ந்த நிப்பிளைக் கண்டு பின்வாங்கவும் தேவையில்லை. அதைச் சிறு செலவில் மாற்றலாம். சுடும் பொறியான பூட்டின் பின்னே மரம் வெடித்திருந்தாலோ, வெடித்தொப்பியை அடிக்கும் குதிரை பாதி இழுத்த நிலையில் நிற்காமல் விழுந்தாலோ, அது வேறு கதை.

பூட்டுத் தகட்டில் பொறித்த கிரீடத்தையும் பழைய ஆண்டையும் பார்த்து, அசல் தொல்பொருளின் விலையைக் கொடுப்பது பெருந்தவறு. 1970களில் பேர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனமும், இத்தாலியின் பிரெஷியாப் பகுதித் தொழிற்சாலைகளும் இத்தகைய நகல்களைச் செய்தன. இத்தாலியத் துவக்குகளின் குழலில், சிறு கட்டத்துள் இரண்டு எழுத்துகள் தயாரிப்பு ஆண்டைக் காட்டும். ஆங்கில ஏ இரண்டு சேர்ந்திருந்தால் அது 1975. பழமை தோன்றச் சிலர் இவ்வடையாளங்களை அராவி அழிப்பதுண்டு. சுட்டுச் சோதிக்கப்பட்டதைக் காட்டும் முத்திரை இல்லாத குழலுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.

பழைய வடிவமென்பதால் அனுமதி வேண்டாம் என்று எண்ணுவதும் தவறு. பிரித்தானியாவில் இந்நகலுக்குத் துப்பாக்கிச் சான்றிதழும், கனடாவில் உரிமமும் தேவை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி வைத்திருப்பதே குற்றம். ஆகையால் ஊருக்குக் கொண்டுவந்து விற்கலாம் என்ற கணக்கை விலையில் சேர்க்கக்கூடாது.