புதிய நடனம் அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பரதம் கற்றவர்களுள் பலர், அரங்கேற்றம் முடித்துச் சில ஆண்டுகள் பாடம் எடுத்த பிறகே, தமக்கென ஒரு படைப்பை அமைக்கும் ஆசைக்கு வருகிறார்கள். அந்த முதல் படைப்பு சரிவராமல் போனால், "பார்வையாளர்களுக்குப் புரியவில்லை" என்று அமைத்தவர் சொல்வதும், "மரபைக் கெடுத்துவிட்டார்" என்று மூத்தவர்கள் சொல்வதும் வழக்கம். நான் அமைத்தவற்றையும் பிறர் அமைக்கப் பார்த்தவற்றையும் வைத்துச் சொன்னால், இரண்டு காரணமும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. தோல்வி அதற்கு வெகு முன்னரே, ஒத்திகை அறைக்குள் நேர்ந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முனைவதும், மாற்றியதை மேடையேறும் நாள்வரை எவருக்கும் காட்டாமல் வைத்திருப்பதும் அதன் இரு வேர்கள்.

முதல் வேரைப் புரிந்துகொள்ள இங்கேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1952ல் கே.பி. பாஸ்கர் தொடங்கிய நடனப் பள்ளிக்கு 1955ல் கேரளத்திலிருந்து வந்துசேர்ந்த சாந்தா பாஸ்கர், 1958ல் சீனக் காதல் கதையான 'பட்டாம்பூச்சிக் காதலர்'களைப் பரதநாட்டியமாக மேடையேற்றினார். கதை சீனர்களுடையது; அடவும் (அடிப்படைக் கால் அசைவுகள்) அபிநயமும் (முகத்தாலும் கையாலும் கதை சொல்லும் முறை) பரதத்தினுடையவை. அதாவது, சீனப் பார்வையாளருக்குக் கதை பழக்கம், நடனமொழி புதிது. இந்தியப் பார்வையாளருக்கு நடனமொழி பழக்கம், கதை புதிது. இரு தரப்பாருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தது. பின்னர் 1990ல் சிங்கப்பூரின் கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்ற அவர் இவ்வாறு கணக்குப் போட்டுத்தான் அமைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் படைப்பின் கட்டுமானத்தில் இந்தப் பாடம் இருக்கிறது.

இன்று புதிதாக அமைப்பவர்கள் கதையைக் கைவிட்டு, கர்நாடக இசைக்குப் பதில் மின்னணு இசையைச் சேர்த்து, உடையை மாற்றி, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியையும் விட்டுவிட்டு, சலங்கையையும் கழற்றிவைக்கிறார்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் ஐந்தும் ஒன்றாக மாறும்போது, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அமைத்தவராலேயே பிரித்தறிய முடிவதில்லை. ஒரு படைப்பில் ஒன்றை மட்டும் மாற்றுவது கோழைத்தனம்போலத் தோன்றலாம். அடுத்த படைப்புக்கு எதையாவது கற்றுக்கொண்டு போக வேறு வழியில்லை.

இதை நான் விலை கொடுத்தே கற்றேன். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் துக்க வீட்டையும் திருமண வீட்டையும் பொருளாகக் கொண்டு, பதினெட்டு நிமிடப் படைப்பு ஒன்றை அமைத்திருந்தேன். பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள். மிஸ்ர சாபு தாளத்தில் ஏழு எண்ணிக்கைக்கு ஒருமுறை அவை இடம் மாற வேண்டும். ஒத்திகை முழுவதும் சமூக மன்றம் ஒன்றின் அறையில், சுவர் அளவுக் கண்ணாடியைப் பார்த்தபடி நடந்தது. அரங்கில் கண்ணாடி இல்லை என்பதும், தரையில் நடன விரிப்பு ஒட்டப்பட்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும், அதற்காக ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. விளைவாக, நாற்காலிகள் விரிப்பில் சிக்கின. ஈரப் பாதங்கள் ஒட்டின. தட்டடவின் ஓசை அமுங்கிப் போனது. கண்ணாடியில் தம்மைப் பார்த்தே இடைவெளியைக் கணித்துப் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். அதைவிடப் பெரிய தவறு இசையில் இருந்தது. தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் அமர்ந்திருந்தால், ஆடுபவர் பிந்தும்போது காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் வேகத்தை, சற்றே இழுத்துப் பிடிப்பார். பதிவு செய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது. பதிவுக்கு ஆடப்போகும் படைப்பில், நாற்காலி சிக்கும், மூச்சு வாங்கும் என்று எதிர்பார்த்து, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் (ஒரு பகுதியை முடிக்கும் அடவுக் கோவை) பின்னர் சில எண்ணிக்கைகளை வெறுமையாக விட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வேருக்கு மருந்து, அரைகுறையாக இருக்கும்போதே காட்டுவதுதான். பரதத்தை முறையாகக் கற்றவர் ஒருவர், மலாய் நடனமோ நவீன நடனமோ ஆடுபவர் ஒருவர், தமிழும் நடனமும் அறியாத ஒருவர் என மூவர் போதும். முன்னுரை எதுவும் சொல்லாமல் ஐந்து நிமிடத்தை ஆடிக் காட்டி, "பிடித்ததா?" என்று கேட்காமல், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு இங்கே எல்லாரும் மரியாதைக்காக "நன்றாக இருந்தது" என்றே சொல்வார்கள். தமிழறியாத அந்த மூன்றாமவரின் பதிலைப் பொறுத்தே, அபிநயத்துக்கான பாடலான பதத்துக்கு ஆங்கில விளக்கவுரை தேவையா என்பதையும் முடிவு செய்யலாம். கைகள் ஏற்கெனவே சொன்னதை ஒலிபெருக்கி மறுபடி சொல்வது அபிநயத்தைக் கொன்றுவிடும்.

அரங்கின் அளவும் இதே கணக்கில் சேரும். எஸ்பிளனேடு கலை மையத்தின் பெரிய அரங்கில் ஏறத்தாழ 2,000 இருக்கைகள். அங்கேயே 2022ல் திறந்த நீர்முகப்பு அரங்கில் 550. முகபாவத்தை நம்பி அமைத்த படைப்பைப் பெரிய அரங்குக்குக் கொண்டுபோனால், பின்வரிசைக்குக் கண்ணசைவு போய்ச் சேராது. பெயர் பெற வேண்டும் என்ற அவசரத்தில் பலர் இதை மறக்கிறார்கள்.

பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக இந்திய நடனம் கற்பிப்பதே இங்குப் பலருக்கு நிலையான வருமானம். பள்ளிகள் பங்கேற்கும் சிங்கப்பூர் இளையர் விழாவுக்கு மாணவர்களைத் தயார் செய்து பழகிய கை, சில நிமிடங்களுக்குள் அணிவகுப்பை அடிக்கடி மாற்றி, வேகத்தைக் கூட்டி, கைதட்டலில் முடிக்கும் ஒரு வடிவத்துக்கு இறங்கிவிடும். மாணவர்களுக்கு அது ஏற்றது. சொந்தப் படைப்பிலும் அதே வடிவம் நுழைவதை அமைப்பவர் கவனிப்பதே இல்லை என்பதுதான் என் மனக்குறை. ஒத்திகை நாள்களைத் திட்டமிடுவோர், ஆண்டிறுதித் தேர்வுகளையும் தீபாவளி நிகழ்ச்சிகளையும், இளைஞர்கள் இரண்டாண்டுத் தேசிய சேவைக்குச் செல்வதையும் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்பாட்டாளர் ஒருவர் எனக்குத் தர வேண்டிய தொகையின் பாதியை எட்டு மாதம் கழித்தே தந்தார். என்னிடம் இருந்தவை வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே. கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருந்தால், 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே எளிதாக நடத்தலாம். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாவிட்டால், நீங்கள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவின் உரிமை அதைச் செய்தவருக்கே சேரும். மறுமுறை மேடையேற்றும்போதுதான் இது சுடும். சுயதொழில் புரிபவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் செலுத்த வேண்டியிருக்கும் என்பதையும் கட்டணம் பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

சரிவராத படைப்பை முழுமையாகத் தூக்கியெறிவதும் ஒரு தவறே. அந்தப் பதினெட்டு நிமிடத்தின் காணொளியை ஒரு மாதம் தொடாமல் இருந்து, பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். துக்க வீட்டுப் பகுதியில், ஒரே ஒருத்தி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நான்கு நிமிடம் மட்டும் நின்றது. அதில் மிஸ்ர சாபு இல்லை, மோதல் இல்லை. அடுக்கும் ஓசையே தாளமாக இருந்தது. இப்போது அதை மட்டும் எடுத்து, தம்புரா சுருதி ஒன்றுடன் மறுபடி ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம், இம்முறை கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு.