சாம்பாரில் பருப்பு எவ்வளவு? கல்லீரல் கொழுப்புக்கு ஒரு சமையலறைக் கணக்கு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' (கல்லீரலில் கொழுப்பு சேர்வது, ஆரம்ப நிலை) என்று வந்த அன்று மாலையே என் வீட்டுக்காரர் புரோட்டீன் பவுடர் டப்பாவோடு வந்து நின்றார். புரதம் சாப்பிட்டால் கல்லீரல் கொழுப்பு கரையும் என்று யாரோ சொன்னார்களாம். வழக்கமான சோறு, வடை எதையும் குறைக்காமல், சர்க்கரை போட்ட பாலில் அதையும் கலக்கிக் குடித்தார். ஒரே மாதத்தில் இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் நான் தராசை எடுத்தேன். நாங்கள் நான்கு பேர். சாம்பாருக்குப் போடும் துவரம் பருப்பை நிறுத்தால் 100 கிராம். அதில் புரதம் சுமார் 22 கிராம். ஆளுக்கு அஞ்சரை கிராம், அதுவும் சட்டியை வழித்துச் சாப்பிட்டால். "தினமும் பருப்புதானே சாப்பிடுறேன்" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-இல் சொன்ன தினசரிப் புரத அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 72 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 கிராம். இதை வயிற்றில் கூடுதலாகத் திணிக்கக் கூடாது. சோறும் சர்க்கரையும் இருந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும். மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும்தான் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. புரதம் ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான்: கொழுப்பைக் கட்டி வெளியே அனுப்பக் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் வந்த குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. காலையில் நாலு இட்லி இரண்டானது, கூட இரண்டு அவித்த முட்டை (12 கிராம்). மதியம் தட்டில் முதலில் விழுவது மத்தி மீனோ கெட்டிப் பருப்போ பயறோ. சோறு கடைசியில், ஒரே கப். கூடவே தயிர்.

நாலு மணி வடைக்குத்தான் பெரிய சண்டை. இரவே 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் உப்போடு ஐந்து விசில் விட்டு, டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, வற்றல், பெருங்காயம், தேங்காய் பேருக்கு. பத்து கிராம் புரதம், நார்ச்சத்து வேறு. முதல் வாரம் "மாட்டுத் தீவனம்" என்றார். இப்போது மாங்காய் கீறிப் போடவில்லையா என்று கேட்கிறார்.

கறியா, பயறா? நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், எடை கூடியவர்களில் விலங்குப் புரதம் அதிகம் சாப்பிட்டவர்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தெரிந்தது. ஜெர்மனியில் 2017-இல் வெளியான சிறிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறு வாரம் அளந்து கொடுத்தபோது இரண்டு வகைப் புரதத்திலும் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே குறைந்தது. எனக்குத் தோன்றுவது: பயறு முதலில், மீன் அடுத்து, சிக்கன் 65 கணக்கிலேயே வராது.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) வந்தவர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே குறைக்கவும் வேண்டாம். அவர்களுக்கு வழக்கத்தைவிடக் கூடவே தேவைப்படும்.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கல்லீரல் நன்றாகத் தேறும் என்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு 7 சதவீதம் என்பதே ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இதுவரை மூன்று இறங்கியிருக்கிறது. பவுடர் டப்பா பரணில் இருக்கிறது, காலியானதும் ரவை போட்டு வைக்கலாம்.