முதலில் நடாதீர்கள்: ஒரு கோயில் காட்டைத் திரும்பக் கொண்டுவரும் வேலை

தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதிக் கொடுப்பது, அ-பதிவேடு (எந்த சர்வே எண் யார் பெயரில், என்ன வகை நிலம் என்று இருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு) பார்த்துச் சொல்வது, வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போடுவது, இதுதான் என் பிழைப்பு. வேம்பு, புளி, புங்கனுக்கு மேல் ஒரு மரத்தின் பெயரும் தெரியாத நிலையில்தான் எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டு வேலையில் இறங்கினேன். புதுக்கோட்டைப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தைலமரத் தோப்புகளுக்கு நடுவே திடீரென்று மண்குதிரைகள் வரிசையாக நிற்கும், அதற்குப் பின்னால் வெயில் இறங்காத ஒரு காடு இருக்கும். எங்களுடையது நாலரை ஏக்கர். நாங்கள் தொடங்கியபோது அதில் காடு என்று சொல்லும்படி இருந்தது ஒரு ஏக்கர்தான். மிச்சமெல்லாம் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்.

2018 அக்டோபரில் நாங்கள் செய்த முதல் காரியம் விழா. பேனர் கட்டினோம், சிறப்பு விருந்தினர் வந்தார், இருநூறு கன்று நட்டோம். இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்ததால் தேக்கு, மலைவேம்பு, மே ஃப்ளவர் என்று கலவையாக இருந்தது. அடுத்த மாதமே கஜா வந்தது. புயலில் போனது போக மீதியை ஆடு தின்றது. ஆடு விட்டுவைத்ததை வெயில் கருக்கியது. சித்திரையில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது கன்று.

ஆனால் தென்னந்தோப்புகள் மொத்தமாகப் படுத்துக் கிடந்த அதே ஊரில், அந்த ஒரு ஏக்கர் பழைய காட்டில் ஒரு மரமும் வேரோடு சாயவில்லை. கிளை முறிந்ததோடு சரி. அப்போதுதான் இதெல்லாம் என்ன மரம் என்று கேட்கத் தோன்றியது. ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்: வீரை, காசான், உலக்கைப்பாலை, உசிலை, வெப்பாலை, காரை, சூரை. படித்தவர்கள் இந்த வகைக் காட்டை வறண்ட பசுமைமாறாக் காடு என்கிறார்கள். வீரையும் காசானும் மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் பச்சையாகவே நிற்கும். இலையைத் தொட்டால் தோல் மாதிரி தடிப்பாக இருக்கும். அப்பத்தா கடைசியில் சீமைக்கருவேலப் புதருக்குள் குனிந்து ஒரு வெட்டுப்பட்ட தூரைக் காட்டினார். "ஏய்யா புதுசா நடுறீக? அதான் பழைய தூருலயே துளுக்குதே" என்றார்.

எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வரியில் இருந்து வந்ததுதான். நீங்கள் தொடங்குவதாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் எதையும் நடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நடங்கள். கூட்டிப்போக வேண்டியது ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், பழைய வைத்தியம் தெரிந்தவர். புதருக்கு அடியில் என்னென்ன நாட்டுச் செடி உயிரோடு இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றிலும் அடையாளம் கட்டுங்கள். என் கடையில் ஆபீஸ் கட்டுகளுக்குக் கட்டும் சிவப்பு நாடா ஒரு உருண்டை கிடந்தது. அரசாங்க வேலையைத் தாமதப்படுத்துவதற்கே பிறந்த பொருள் என்று நினைத்திருந்தேன். முந்நூற்று நாற்பது கன்றுக்கும் தூருக்கும் அதைக் கட்டினோம். சீமைக்கருவேல முள்ளுக்குள் ஆடு வாய் வைக்க முடியாததால் பிழைத்திருந்தவைதான் அதில் பாதி. பறவைகள் மேலே உட்கார்ந்து எச்சமிட, கீழே வேம்பும் காரையும் முளைத்திருந்தன.

இன்னொன்றையும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள். நாட்டுக் கருவேலமும் சீமைக்கருவேலமும் வேறு வேறு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது மாதிரி இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ கதிர் மாதிரி நீளம். காய் பழுத்தால் வெளிர் மஞ்சள், சுருக்கம் இருக்காது. ஆர்வக்கோளாறில் நாட்டுக் கருவேலத்தை வெட்டிச் சாய்த்த ஊர்கள் உண்டு.

நிலம் யாருடையது

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். "ஊர்ச் சொத்து, யாரைக் கேட்கணும்?" என்பவர்தான் பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார். முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து அ-பதிவேட்டில் நிலம் என்ன வகை என்று பாருங்கள். சாமி பெயரில் இருந்து அறநிலையத் துறை நிர்வாகத்தில் இருந்தால் செயல் அலுவலரிடம் போக வேண்டும். புறம்போக்கு என்றால் வி.ஏ.ஓ., தாசில்தார். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குச்சியையும் தொடக் கூடாது. கண்மாய்க்குள் வேலை செய்வதென்றால் ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப் பரப்பைக் கேளுங்கள்: நூறு ஏக்கருக்கு மேல் பாயும் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம்.

மனுவில் "மரம் வெட்ட அனுமதி" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கோப்பு தூங்கப் போய்விடும். "இன்ன சர்வே எண்ணில், நான்கு எல்லைக்குள், சீமைக்கருவேலம் மற்றும் உண்ணிச்செடியை மட்டும் வேரோடு அகற்றி நாட்டு மரங்களைப் பாதுகாக்க" என்று எழுதுங்கள். வரைபட நகலை இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அதில் தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தின் நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை மட்டும் வாங்காமல் வராதீர்கள். எங்கள் மனு ஒரு ஆபீஸில் இரண்டு முறை காணாமல் போனது. சீட்டு இருந்ததால் இரண்டு முறையும் கிடைத்தது.

விறகுக் காசை முன்கூட்டியே பேசி முடியுங்கள். புறம்போக்கில் நிற்கும் சீமைக்கருவேலத்தை ஏலம் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கரி மூட்டம் போடுபவர்கள் "சும்மாவே வெட்டித் தருகிறோம்" என்று வருவார்கள். சும்மா வெட்டினால் தரைக்கு மேலேதான் வெட்டுவார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் ஊரிலும் அப்படித்தான் வெட்டினார்கள். இரண்டு வருடத்தில் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஆறு தண்டு. தூரையும் தோண்டி எடுத்தால்தான் விறகு என்பதை ஏலத்திலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் சாமி. ஐயனார் காட்டில் பச்சை மரத்தை வெட்டக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கம்தான் அந்த ஒரு ஏக்கரைக் காப்பாற்றியது, அதனால் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பையே துளைத்து உள்ளே வரும், வெறுங்காலில் எப்படி? பூசாரி பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது, உத்தரவு. குதிரை வரிசைக்கு வெளியே ஷூ போடலாம், உள்ளே வெறுங்கால், உள்ளே இருக்கும் சீமைக்கருவேலத்தைப் பூசாரி குடும்பத்து ஆட்களே எடுப்பார்கள் என்று முடிவானது. உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கும். கேட்காமல் மட்டும் இறங்காதீர்கள்.

பிடுங்குவது

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எண்பத்து நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவது எட்டுப் பேர். எட்டுப் பேருக்குத் திட்டம் போடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, ஒரு கோடாரி, தோல் கையுறை. எட்டரைக்கு முடித்துவிடுங்கள், கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுங்கள். பதினொரு மணி வரை இழுத்தால் அடுத்த வாரம் நான்கு பேர்தான் வருவார்கள்.

சீமைக்கருவேலத்தின் உயிர் தரைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தூர் முண்டில் இருக்கிறது. ஒரு அடி, ஒன்றரை அடி தோண்டி, முண்டுக்குக் கீழே வேரை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. அதற்கும் கீழே போகும் ஆணிவேரைத் தேடி அலைய வேண்டாம். விரல் தடிமன் கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே உருவலாம். உண்ணிச்செடியையும் மண்ணுக்குக் கீழே வெட்டி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். கருப்புப் பழம் பழுக்கும் முன் செய்தால் பறவை விதையைப் பரப்பாது. கண்மாய் உள்வாயில் ஜேசிபி வைத்து எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோயில் காட்டில் வேண்டாம். சிவப்பு நாடா கட்டியதையும் சேர்த்து அள்ளிவிடும், மண்ணைப் புரட்டிப் போட்டால் உள்ளே கிடக்கும் சீமைக்கருவேல விதையெல்லாம் முளைக்கும்.

வருடத்துக்கு அரை ஏக்கருக்கு மேல் நாங்கள் தொடுவதில்லை. முதல் அரை ஏக்கரை ஒரே மாதத்தில் மொட்டையடித்தோம். நிழலில் வளர்ந்த வீரைக் கன்றுகள் பங்குனி வெயிலில் கருகின. இப்போது கன்றுக்கு மேற்குப் பக்கம் இருக்கும் சீமைக்கருவேலத்தைக் கடைசியாக எடுக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் பறவை கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவோம்.

குப்பைக்குள் சுருட்டை விரியன் படுத்திருக்கும். கை வைக்கும் முன் கம்பால் தட்டுங்கள். கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. முள் உடைந்து உள்ளே தங்கினால் அன்றே எடுங்கள், ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடு

கம்பி வேலிக்குக் கணக்குப் போட்டோம். காசு இல்லை. வெட்டிய சீமைக்கருவேலக் கிளையையே காய்களை உதிர்த்துவிட்டு வளைத்துக் கட்டினோம். இரண்டு வருடம் தாங்கும். காய்களைச் சாக்கில் கட்டி எரித்துவிடுங்கள். ஆடு தின்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு ஊரெல்லாம் விழுந்து முளைக்கும்.

வேலியைவிட உதவியது பேச்சு. எங்கள் காட்டுக்கு நடுவேதான் கண்மாய்க்குத் தண்ணீர் காட்டப் போகும் ஆட்டுப்பாதை. அதை அடைத்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வேலியைப் பிரித்திருப்பார்கள். எட்டடி அகலத்துக்குப் பாதை விட்டோம். வேலை நடக்கும் அரை ஏக்கரை மட்டும் மூன்று வருடம் விட்டுவைக்கச் சொல்லி, பிறகு திறந்துவிடுவதாகச் சொன்னோம். சொன்னபடி திறந்தோம். இப்போது வெளியூர் ஆடு நுழைந்தால் எனக்கு போன் போடுவது அந்த அப்பத்தாதான்.

விதை

இரண்டாம் வருடம் எங்கே எதுவுமே தானாக வரவில்லை என்று தெரிந்துவிடும். அங்கே மட்டும் நடுங்கள், அதுவும் ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு. கன்று வாங்க வெளியே அலைய வேண்டாம், அதே காட்டு விதையைப் பால் பாக்கெட்டில் போட்டு வளர்த்தால் போதும். இலுப்பை, நாவல், வேம்பு மூன்றும் ஆனி, ஆடியில் விழும். பொறுக்கிய வாரமே போட்டுவிட வேண்டும், சேமித்து வைத்தால் செத்துவிடும். உசிலைக்கு ஓடு கெட்டி, வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைக்கணும். பூவரசுக்குப் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டாலே வரும். பனைக்கு நாற்றே வேண்டாம். பழம் உதிரும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையைக் கண்மாய்க் கரையில் புதைத்தால் முதலில் கீழேதான் இறங்கும், மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது, தோண்டிப் பார்க்காதீர்கள். முதல் கோடையில் மட்டும் கன்றுக்கு வாரம் ஒரு குடம், அடியில் சருகு மூடாக்கு.

உலக்கைப்பாலை விதைக்குத்தான் நாங்கள் ரொம்பத் திண்டாடினோம். உயரத்தில் பழுக்கும், விழுந்ததைப் பிள்ளைகள் தின்றுவிடும். ஒருநாள் மண்குதிரைப் பீடத்தில் மரநாய் எச்சம் கிடந்தது, உள்ளே பளபளவென்று பாலை விதைகள். பழம் பழுக்கும் காலத்தில் ராத்திரி அது அங்கேதான் வந்து போகிறது. பூசாரி வெள்ளிக்கிழமை காலை பீடத்தைக் கழுவிவிடுவார். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் கடையைக் கொஞ்சம் சீக்கிரம் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு போய்விடுவேன்.